பியானோவில் ஒரு தாலாட்டு



டில்லி மாநகரில் கரோல் பாக் என்னும் பகுதியைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மத்திய அரசின் அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் பணியேற்று வடக்கே வந்த நம்மவருள் பலர் முதன்முதலாக அறை எடுத்துத் தங்கிய இடம் அது. பின்னர் அவர்களுள் பலர் இராமகிருஷ்ணபுரத்துக்கும் ஜனக்புரிக்கும் யமுனைக்கு அக்கரையிலுள்ள மயூர் விகாருக்கும் பெயர்ந்து சென்றனர். எனினும் பூசா சாலையில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. பெயராமல் எஞ்சியவர்களுள் நாமும் ஒருவர்.

நாம் குடியிருப்பது மூன்றாம் மாடி. மாலை வேளையில் சன்னலைத் திறந்தால் பூசா சாலையின்மேல் தூண்களின் மீது ஓடும் மெட்ரோ இரயிலின் இரைச்சலும், அஜ்மல் கான் சாலைக் கடைகளுக்குச் செல்லும் கூட்டத்தின் ஆரவாரமும் ஒருங்கே உள்ளே வரும். இவற்றுக்கிடையே சென்ற ஈராண்டுகளாக நம் இல்லத்தில் மற்றோர் ஓசையும் சேர்ந்துகொண்டது. பதின்மூன்று வயதுள்ள நம் மகள் பியானோ பழகுகிறாள். உண்மையான பியானோவை மூன்று மாடி ஏற்றுவதற்கு நம் வருவாயும் இடந்தராது, நம் மாடிப்படியும் இடந்தராது. ஆகையால் சென்னைக்கு மாற்றலாகிச் சென்ற நண்பரொருவர் விட்டுச் சென்ற, 61 கட்டைகள் உடைய மின்னணுக் கீபோர்டு ஒன்றே வீட்டுப் பயிற்சிக்கு உதவுகிறது. வாரத்துக்கு இருமுறை பட்டேல் நகரில் ஓர் ஆசிரியையின் வீட்டுக்குச் சென்று அவள் மெய்யான பியானோவில் அமர்கிறாள். ஆசிரியை மிசோரம் மாநிலத்தைச் சேர்ந்தவர், தமிழ் அறியாதவர்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட செய்தி சிறியது. கேட்டுப் பழகிய ஒரு திரைப்பாடலைப் பியானோவிலோ கீபோர்டிலோ உணர்ச்சியோடு வாசிப்பது எங்ஙனம் என்பதே அது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகள் இக்கருவியைக் கற்கின்றனர். விருந்தினர் வந்ததும், 'நம் பாட்டு ஒன்று வாசி' என்று அவர்களை அமர்த்துகிறோம். பிள்ளை வாசிக்கிறது. சுரங்கள் சரியாகவே இருக்கின்றன. ஆயினும் பாட்டு வந்து சேரவில்லை. இக்குறையை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். அதன் காரணத்தை நாம் அறிந்துகொண்டது நம் தாயார் கேட்ட ஒரு கேள்வியால்.

தந்தையார் மறைந்த பின்னர் நம் தாயார் மயிலாடுதுறையிலிருந்து டில்லிக்கு வந்து நம்மோடு தங்கியிருந்தார். பேத்திக்குப் பாட்டியிடம் அன்பு உண்டு, பேச்சுத்தான் இல்லை. பாட்டி தமிழில் கேட்பார். பேத்தி தமிழில் தொடங்கி, மூன்றாம் சொல்லில் இந்திக்குத் தாவுவாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. அவள் படிக்கும் பள்ளியில் தமிழ் பாடமன்று. வீட்டில் கற்பிக்கலாம் என்று நாம் ஆண்டுதோறும் எண்ணினோம், ஆண்டுதோறும் ஒத்திவைத்தோம். நாள் முழுதும் அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்குவது நம் தொழில். அத்தகைய ஒருவரின் வீட்டில் இந்நிலை என்பதை வெளியே சொல்ல வெட்கமாகவே இருந்தது.

பொங்கல் திருநாளன்று பாட்டியை மகிழ்விக்க வேண்டுமென்று மகள் தானே முடிவு செய்தாள். 1961-இல் வெளிவந்த 'பாசமலர்' திரைப்படத்தில் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தைக்குப் பாடும் தாலாட்டை யாவரும் அறிவர். கண்ணதாசன் எழுத, விசுவநாதனும் இராமமூர்த்தியும் இசையமைக்க, சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடியது. நம் தாயார் தம் பிள்ளைகள் அனைவரையும் அப்பாட்டைப் பாடியே தூங்கவைத்தவர். மகள் யாருக்கும் தெரியாமல் அதன் சுரங்களைத் தேடிப் பழகிவைத்திருந்தாள். பொங்கலன்று மாலையில் ஒரு பிழையுமின்றி வாசித்து முடித்தாள். பாட்டி கைகளைக் கூப்பாத குறையாகக் கேட்டிருந்து, மிகுந்த பரிவோடு, "நல்லா இருக்கு கண்ணு. இது இந்திப் பாட்டா?" என்றார்.

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

முதியவருக்குக் காது மந்தம் என்று நாம் அவளைத் தேற்றினோம். அஃது உண்மையன்று என்பது நமக்குத் தெரியும். அடுப்பங்கரையில் பால் பொங்கும் ஓசையைக் கூடத்திலிருந்தே அறிபவர் அவர். அவ்வாறாயின், பல்லாயிரம் முறை பாடிய பாட்டை அவர் ஏன் அறிந்துகொள்ளவில்லை?

பழியைக் கருவியின்மேல் போடுவது எளிது. நம் நாட்டில் அவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பியானோவுக்கும் ஆர்மோனியத்துக்கும் பொதுவான ஒரு குறை, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே ஒன்றுமில்லை என்பது. ஒரு தாயி எல்லைக்குள் பன்னிரண்டு கட்டைகள், அவ்வளவே. பாடுபவரின் குரலோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். ஒரே சுரத்தை அசைத்து ஆட்டும். கமகம் என்று நாம் போற்றும் அவ்வசைவைக் கட்டைகளால் காட்ட இயலாது. ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் 1930-களின் பிற்பகுதியில் டில்லி வானொலியில் மேனாட்டு இசைக்குப் பொறுப்பாயிருந்தவர். இக்குறையை எடுத்துக்காட்டி 1938-இல் ஆர்மோனியத்தை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். மகாகவி தாகூரும் அக்கருவியை விரும்பாதவர். 1940 மார்ச் முதல் நாளிலிருந்து அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் ஒலிக்காதொழிந்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது.

திரைப்பாடலும் வானொலியில் இதே விதமான வனவாசத்தை அனுபவித்ததுண்டு. 1952-இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின்னர், திரைப்பாடல்கள் தரங்குறைந்தவை என்று கருதப்பட்டு விலகி நின்றன. நேயர்கள் தம் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பிக்கொண்டனர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்ட பிறகே நம் வானொலியில் அப்பாடல்கள் மீண்டும் உரிமையோடு ஒலித்தன. ஆக, ஒரு காலத்தில் விலக்கப்பட்ட பாட்டை, ஒரு காலத்தில் விலக்கப்பட்ட கருவியின் உறவான மற்றொரு கருவியில் வாசிப்பதைப் பற்றி நாம் இன்று வானொலியிலேயே பேசுகிறோம். காலத்தின் போக்கை எண்ணிப் புன்னகை கொள்ளலாம்.

ஆனால் கட்டைக் கருவி நம் மக்களின் உள்ளத்தைத் தொடவில்லை என்று யாரேனும் சொல்வாராயின், தமிழ் நாடக மேடையின் வரலாறே அவர்களை மறுக்கும். கிட்டப்பாவின் பாட்டுக்கு அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்ததை அக்காலத்து இரசிகர்கள் பெரிதும் போற்றினர். மெல்லிசை மன்னர் விசுவநாதனின் விரல்கள் ஆர்மோனியக் கட்டைகளின்மேல் இருந்தபோதே நம் வாழ்நாள் பாடல்கள் பல பிறந்தன. சென்னையில் மாஸ்டர் தன்ராஜ் என்னும் ஆசிரியரிடம் மேனாட்டு இசையைக் கற்றவர்களுள் இளையராஜாவும் ஒருவர், ஏ. ஆர். ரகுமானும் ஒருவர். எனவே கருவியை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

எழுத்தில் குறிப்பதிலும் இதே இடர் உண்டு. 1893-இல் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேனாட்டுச் சுரக்குறிகளில் அச்சிட்டார். அவருடைய தூண்டுதலைப் பெற்ற சுப்பராம தீட்சிதர், 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலில், சுரத்தின்மேல் கமகங்களுக்கெனத் தனிக் குறிகளை அமைத்தார். வெறும் சுரத்தை எழுதினால் பாட்டு எழுதப்பட்டதாகாது என்பதை அப்பெரியவர் உணர்ந்திருந்தார். நம் மகள் கையில் இருந்ததோ வெறும் சுரம். குறிகள் ஒன்றுமில்லாத சுரம்.

இதனை நமக்கு விளக்கியவர் தமிழறியாத அந்த ஆசிரியையே. பொங்கல் கழிந்த வாரம் மகள் நடந்ததைச் சொல்லி, அப்பாட்டை அவரிடம் வாசித்துக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, 'சுரத்தில் பிழையில்லை. இந்த இடத்தில் பாடுபவர் என்ன சொல்லுகிறார்?' என்று வினவினார். மகளுக்குத் தெரியவில்லை. 'சொல் எங்கே முடிகிறது?' என்றார். அதுவும் தெரியவில்லை. 'அப்படியானால் எங்கே மூச்சு விடுவது என்று உன் கைக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போய்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு வா' என்று அனுப்பிவிட்டார்.

அன்றிரவு மகள் நம்மிடம் பொருள் கேட்டாள். நாம் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் அல்லவா? கால்மணி நேரத்தில் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதிக் கொடுத்தோம். அவள் அதைப் படித்துவிட்டு, 'இதில் எந்தச் சொல் நீளமானது?' என்று கேட்டாள். நம் மொழிபெயர்ப்பில் அதற்கு விடையில்லை. பொருள் முழுதும் வந்திருந்தது. ஓசை ஒரு துளியும் வரவில்லை. இருபதாண்டுகள் சுற்றறிக்கைகளைப் பெயர்த்த கைக்கு, சொல்லுக்கு ஓசை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. மறுநாள் பாட்டியை அழைத்து நடுவில் அமர்த்தினோம். பாட்டி பாட, பேத்தி சொல்ல, நாம் எழுத, அவ்விதமாக அந்த வீட்டில் தமிழ் எழுத்துப் பாடம் தொடங்கியது.

இனி, அச்சில வாரங்களில் நாம் கற்றவற்றை நேயர்களுக்குப் பயன்படுமாறு முறையே கூறுவோம்.

முதலாவது, மாத்திரை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாம் பள்ளியில் நெட்டுருச் செய்தோம். கண்ணிமைக்கும் நேரமும் கைநொடிக்கும் நேரமுமே மாத்திரையின் அளவென்பது பழைய இலக்கணம். இஃது எழுத்துக்குரிய இலக்கணம் மட்டுமன்று, விரலுக்கும் உரியது. 'பட்டு' என்பதற்கும் 'பாட்டு' என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது? நீளம் ஒன்றே. பியானோவில் இரண்டுக்கும் இரண்டு கட்டைகள்தாம். முதற் கட்டையை உரிய நேரம் அழுத்திப் பிடிக்காவிடில், பாட்டு பட்டாகிவிடும். பாடுபவர் இசைக்காகக் குறிலையும் நீட்டுவதுண்டு என்பது மெய்யே. ஆயினும் தாளத்துக்குள் எந்தச் சொல் நீண்டு எந்தச் சொல் ஒடுங்குகிறது என்பதைச் செவியால் அறிந்து விரலால் அளக்க வேண்டும். நம் மகள் எல்லாச் சுரத்தையும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தாள். நெடில் குறில் அற்ற தமிழைப் பாட்டி எங்ஙனம் தமிழென்று அறிவார்?

இரண்டாவது, மெய்யெழுத்து. வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற மூன்று பிரிவும் பியானோ பழகுபவருக்கு மூன்று வகைத் தொடுகை என்று கொள்ளலாம். 'பாட்டு' என்னும்போது ட் என்ற ஒற்றில் குரல் ஒரு நொடி அடைபட்டு நிற்கிறது. விரலும் அவ்விடத்தில் கட்டையை விட்டு எழவேண்டும். ஒரு சிறு அமைதிக்குப் பின்னரே அடுத்த கட்டை விழவேண்டும். 'பாலும்' என்னும்போது ல என்ற இடையினத்தில் குரல் அறுவதில்லை. ஆகையால் இரண்டாம் கட்டை இறங்கும் அதே நேரத்தில்தான் முதற் கட்டை எழவேண்டும். 'அம்மா' என்னும்போது ம் என்ற மெல்லினத்தில் வாய் மூடினும் ஓசை மூக்கின் வழியே தொடர்கிறது. அங்கே கையை எடுத்துவிடாமல், ஆனால் அடுத்த சுரத்தை மென்மையாகத் தொடவேண்டும். தாலாட்டில் வல்லினம் குறைந்தும் மற்றவை மிகுந்தும் வருவது இயல்பு. குழந்தையை எழுப்பாத எழுத்துகள் அவை. அதனை உணர்ந்த விரல் தானே இணைந்து வாசிக்கத் தொடங்கும்.

மூன்றாவது, மூச்சு. பியானோவுக்கு மூச்சில்லை, எவ்வளவு நேரமும் நிறுத்தாமல் வாசிக்கலாம். அதனாலேயே கற்பவர் நிறுத்துவதில்லை. அல்லது சுரத்தாளில் தாளவட்டத்தைக் காட்டும் கோடு வரும் இடத்திலெல்லாம் நிறுத்துகின்றனர். கோடு தாளத்துக்கு எல்லை, சொல்லுக்கு எல்லையன்று. 'பலகை' என்பதை நடுவே அறுத்தால் 'பல கை' ஆகிவிடும். நம் மகள் அத்தாலாட்டில் பல சொற்களை இவ்வாறு அறுத்திருந்தாள். மேனாட்டுப் பயிற்சியில் தாளவட்டத்தின் முதலடியை அழுத்தி வாசிக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. நம் பாட்டில் சொல் எப்போதும் முதலடியிலேயே தொடங்குவதில்லை. தாளம் விழுந்து சற்றுப் பின்னர்ச் சொல் எழுவதை அனாகத எடுப்பு என்பர். அங்கே முதலடியை அழுத்தினால் வெறும் இடத்தை அழுத்தியதாகும். எளிய வழி ஒன்றுண்டு. வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். பாடும்போது மூச்சு வாங்கும் இடத்தில் மணிக்கட்டைச் சிறிதே உயர்த்துங்கள். அவ்வளவே.

நான்காவது, நெடிலின் மறைவு. குரலுக்கும் பியானோவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. பாடுபவர் ஒரு நெடிலைப் பிடித்துக்கொண்டு அதனை வளர்க்கலாம். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி போர்த்த சிறு சுத்தியல் கம்பியை அடிக்கிறது. அடித்த கணத்திலிருந்து ஓசை தேயத் தொடங்குகிறது. வளர்க்க வழியில்லை. ஆகையால் நெடிலாக நிற்க வேண்டிய சுரத்தைச் சற்று நிறைவாகத் தொடவேண்டும். அதற்கடுத்த சுரத்தையோ, முன்னது தேய்ந்து எந்த அளவில் நிற்கிறதோ அந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது செவிக்கு இரண்டும் ஒரே மூச்சில் பாடியதாகத் தோன்றும். இரண்டையும் ஒரே வலிவில் அடித்தால் தாலாட்டு பள்ளிக்கூட மணியாகும். 1700-ஆம் ஆண்டையொட்டி ஃபிளாரன்சு நகரில் கிறிஸ்டோஃபோரி என்பவர் இக்கருவியை அமைத்தபோது, மெலிந்தும் வலிந்தும் ஒலிக்கவல்லது என்பதையே அதற்குப் பெயராக வைத்தனர். பியானோ என்னும் சொல்லுக்கே மென்மை என்று பொருள். விரைந்து வாசிப்போர் பலர் அப்பெயரை மறந்துவிடுகின்றனர்.

கமகத்துக்கு என் செய்வது என்று கேட்பீர்கள். முழுக் கமகத்தையும் கட்டையில் தேடுவது வீண். ஆயினும் சாயல் காட்டலாம். சுரத்தைத் தொடுமுன் அதற்கடுத்த கீழ்க்கட்டையை மின்னல்போல் தீண்டிவிட்டு மேலேறினால், குரல் வழுக்கி வந்ததன் நினைவு செவிக்குக் கிட்டும். இதனைப் பாட்டில் ஓரிரண்டு இடங்களில் மட்டும் செய்தல் நன்று. எல்லாச் சுரத்துக்கும் செய்தால் உணவு முழுதும் உப்பானதுபோலாகும்.

ஐந்தாவது, இடக்கை. நம் பிள்ளைகள் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் மேளமும் தாளமும் தாமே முழங்கும். அப்பொத்தானை அணைத்துவிடுங்கள் என்பது நம் வேண்டுகோள். இயந்திரத் தாளம் மூச்சுக்கு இடந்தராது. இடக்கை வலக்கையைவிட மெல்லியதாக, தொட்டிலின் ஆட்டம்போல், இரண்டு மூன்று சுரங்களோடு நிற்பது போதும். தொட்டில் ஒரே சீராக ஆடும். பாடும் தாயின் சொல் அதன்மேல் சற்று முந்தியும் பிந்தியும் வரும். இடக்கையைத் தொட்டிலாகவும் வலக்கையைத் தாயாகவும் எண்ணிக்கொள்ளுமாறு ஆசிரியை மகளுக்குச் சொன்னாராம். அவருடைய ஊரிலும் தொட்டில் உண்டல்லவா? காலால் அழுத்தும் மிதிகட்டையையும் இங்கே கவனிக்க வேண்டும். அதை அழுத்தியே வைத்திருந்தால் முன்னைய சுரங்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கூழாகும். இடக்கையின் சுரம் மாறும்போதெல்லாம், புதிய சுரம் ஒலித்தவுடன் மிதியை எடுத்து மீண்டும் அழுத்த வேண்டும்.

கருவி வாங்க எண்ணும் பெற்றோருக்கு ஒரு சொல். விலை குறைந்த கீபோர்டுகள் சிலவற்றில் மெல்லத் தொட்டாலும் வலிந்து அடித்தாலும் ஒரே அளவு ஓசைதான் வரும். அவற்றில் மேற்சொன்னவற்றுள் பாதி இயலாது. ஆர்மோனியத்தில்கூடத் துருத்தியை அழுத்தும் அளவால் ஓசையைக் கூட்டிக் குறைக்கலாம். ஆகையால் கடையிலேயே ஒரு கட்டையை இருவிதமாகத் தொட்டுப் பார்த்து, ஓசை மாறுகிறதா என்று அறிந்து வாங்குக. கட்டைகளின் எண்ணிக்கையும், உள்ளே அடங்கிய நூற்றுக்கணக்கான குரல்களும் அதற்குப் பின்னரே.

இவை யாவும் ஒரு நாளில் வந்துவிடவில்லை. ஆறு வாரங்கள் சென்றன. முதலில் பாட்டைக் கேட்டாள், பிறகு சொற்களைப் பேச்சாகச் சொன்னாள், பிறகு பாடினாள், பிறகு வலக்கையால் மட்டும் வாசித்தாள், இடக்கை கடைசியில்தான் வந்தது. இடையில் ஒருநாள் மனம் சலித்து, 'இவ்வளவு பாடுபட்டுக் கற்பதற்கு இது பெரிய இசையா?' என்று கேட்டாள். ஆசிரியை தந்த மேனாட்டுப் பாடங்கள் தேர்வுக்கு உதவும். இது எதற்கும் உதவாது என்பது அவள் கணக்கு. அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாமும் விடை கூறவில்லை. பாட்டிதான், "பெரிசோ சின்னதோ, உங்கப்பனைத் தூங்க வச்சது இதுதான்" என்றார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் இதமாயிருந்தது. தாயார் மாடத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே மகள் வாசிக்கத் தொடங்கினாள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. இரண்டாம் அடி முடியுமுன் கீரை ஆயும் கை நின்றது. தாயார் பாடவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. ஓரிடத்தில் அவர் உள்நோக்கிக் குரல் கொடுத்தார்: "அங்கே இன்னும் கொஞ்சம் இழு கண்ணு. அவசரப்படாதே." மகள் அவ்வடியைத் திரும்ப வாசித்தாள். இம்முறை நெடிலுக்கு அதன் நேரம் கிடைத்தது.

கதை இவ்விடத்தில் முடிந்தால் நன்றாயிருக்கும். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வதே முறை. சித்திரை பிறந்ததும் தாயார் ஊருக்குத் திரும்பிவிட்டார். டில்லியின் குளிரும் வெயிலும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சுத்துணை போதவில்லை என்பதும் உண்மை. ஆறு வாரப் பாட்டுப் பாடம், பல்லாண்டுகள் நாம் ஒத்திவைத்ததை ஈடுசெய்துவிடாது. மகள் இப்போது எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிறாள். கடைப் பெயர்ப்பலகையும் பாட்டின் சொல்லும் படிப்பாள். கடிதம் எழுத இன்னும் வரவில்லை.

ஞாயிறுதோறும் தொலைபேசியைக் கீபோர்டின்மேல் சாய்த்துவைத்துப் பாட்டிக்கு வாசிக்கிறாள். தொலைபேசியின் இயல்பு ஒன்றை அப்போதுதான் அறிந்தோம். தேய்ந்துகொண்டே செல்லும் மெல்லோசையை அது வெற்றிரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகிறது. பாடுபட்டுக் கற்ற நெடில்களின் வால் அனைத்தும் மயிலாடுதுறைக்குப் போய்ச் சேருமுன் அறுந்துவிடுகின்றன. மகள் இதனைச் சொல்லி வருந்தினாள். மறுமுனையில் தாயார் சொன்னார்: "இழுப்பு பாதியிலே அறுந்து போகுதுதான். பரவாயில்லை, மிச்சத்தை நான் பாடிக்கிறேன்."

நேயர்களே! உங்கள் இல்லத்திலும் ஒரு கீபோர்டு இருக்கக்கூடும். அதை வாசிக்கும் பிள்ளை இருக்கக்கூடும். அடுத்த முறை 'நம் பாட்டு வாசி' என்று கேட்குமுன், அப்பாட்டின் சொற்களை ஒருமுறை அதனோடு அமர்ந்து சொல்லிப் பாருங்கள். பாட்டை அறிந்த முதியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரையும் உடன் அமர்த்துங்கள். அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. நாம் பார்த்துக்கொண்டே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தோம்.